‘குளம் உடைந்துவிட்டதாம்’: நள்ளிரவில் வரும் செய்தியை எந்த அளவுக்கு நம்புவது, எந்த அளவுக்குச் சோதிப்பது?

கேள்வி: படுவான்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் போரதீவுப்பற்றில் வயல் வட்டைகளை ஒட்டியுள்ள ஒரு கிராமத்தில், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சங்கத்துக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. உரம் வந்த செய்தி, மரண அறிவித்தல், கோயில் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் அமைதியாக ஓடும் அந்தக் குழு, கார்த்திகை பிறந்து மழை இறங்கியதும் வேறு குணம் கொண்டுவிடுகிறது.

கடந்த மாரியில் நடந்ததைச் சொன்னால் என் கேள்வி விளங்கும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், ஊர் உறங்கியபின், குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. மூச்சு வாங்கப் பேசும் ஓர் ஆண் குரல்: “இப்பதான் எங்கட மச்சான் கோல் எடுத்துச் சொன்னவன், குளக்கட்டு உடைஞ்சிட்டாம், தண்ணி வருகுதாம், எல்லாரும் மேட்டுப்பக்கம் போங்க, இத எல்லாக் குறூப்புக்கும் போடுங்க.” எந்தக் குளம் என்று அதில் இல்லை, எந்த நாள் என்று இல்லை, பேசுகிறவர் யார் என்பதும் இல்லை. ஆனால் அதே பதிவு உறவினர் குழு, பாடசாலைப் பழைய மாணவர் குழு, கோயில் குழு என்று நாலா பக்கமும் இருந்து திரும்பத் திரும்ப வந்தபோது, இத்தனை பேர் சொல்வது பொய்யாக இருக்குமா என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. சிலர் பிள்ளைகளையும் காணி உறுதிகளையும் தூக்கிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பாடசாலைக்குப் போனார்கள். சிலர் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். இருட்டில் படியிறங்கிய ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். விடிந்தபின்தான், கட்டு உடையவில்லை, குளத்தின் மிகுநீரை வெளிவிடும் வான்கதவுகளைக் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள் என்பது தெரியவந்தது.

இதைவிடப் பெரிய சேதம் பிறகுதான் வந்தது. சில வாரங்கள் கழித்து, தாழ்நில வீதிகளுக்கு மேலாக நீர் பாயவிருக்கிறது, முன்கூட்டியே வெளியேறுங்கள் என்று முறையான அறிவித்தல் வந்தபோது, ஊரில் பாதிப் பேர் அசையவே இல்லை. முதல் முறை ஓடிப்போனவர்களை வாசிகசாலையடியில் வைத்துக் கேலி செய்தவர்கள் பலர். அந்தக் கேலிக்கு அஞ்சியே இரண்டாம் முறை வீட்டுக்குள் இருந்துவிட்டோம் என்று சில பெண்கள் என்னிடம் சொன்னார்கள். மண்டூர் வீதி நீருக்குள் போனபின் அவர்களைப் படகில் ஏற்றி எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எது வந்தாலும் நம்புகிறவர்கள் ஒரு பக்கம், எது வந்தாலும் நம்பாதவர்கள் மறுபக்கம். அடுத்த மாரிக்கு முன் சங்கத்தில் ஏதாவது ஓர் ஒழுங்கைச் செய்ய விரும்புகிறேன். செய்தியைச் சரிபார்க்காமல் பகிரக்கூடாது என்று விதி போடலாம். ஆனால் சரிபார்த்து முடிக்கும் முன் வீதி மூடிவிட்டால் அந்த விதியால் யாருக்கு என்ன பயன்? அதிகாரிகளின் அறிவித்தல் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்லலாம். ஆனால் அது எங்கள் கைக்கு வருவதற்குள் பல தடவை நீர் முந்திக்கொண்டதே. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: துருசடி

தம்பி, நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் வேலைக் காலத்தில் ‘குளம் உடைந்துவிட்டதாமே’ என்று வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை, மூன்று வேறு நிகழ்வுகளை ஒரே சொல்லால் சொன்னதால் எழுந்தவை. ஆகவே அதைத்தான் முதலில் பிரித்துவைக்க வேண்டும்.

குளம் நிறைந்து, மிகுந்த நீர் வானுக்கு, அதாவது மிகுநீர் வெளியேறக் கட்டிய இடத்துக்கு, மேலாக வழிவது வான் பாய்தல். அது குளம் கட்டியவர்கள் திட்டமிட்டு வைத்த வழி. அதில் அச்சப்பட ஒன்றும் இல்லை, கீழே உள்ள தாம்போதியில், அதாவது நீர் மேலாகப் பாயும்படி தாழ்த்திப் போட்ட வீதியில், நீர் ஏறும், அவ்வளவுதான். வான்கதவு திறப்பது அடுத்தது. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களில் நீர் ஓர் அளவைத் தாண்டும்போது, கட்டைக் காப்பாற்றுவதற்காகப் பொறியியலாளரின் பணிப்பின்படி கதவுகளை இத்தனை அடி என்று உயர்த்துவார்கள். கதவைத் திறந்திருக்கிறார்கள் என்றால், குளத்தின் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், நிலைமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பொருள். அதனால் கீழே வெள்ளம் வராது என்று எண்ணிவிடக் கூடாது. கட்டாயம் வரும், தாழ்ந்த வீடுகளுக்குள்ளும் வரும், ஆனால் படிப்படியாக ஏறும். மூன்றாவதுதான் கட்டு உடைவது. அதில் நீர் ஏறுவதற்குப் படி கிடையாது.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. பெருமழையில் அப்படிப்பட்ட கிராமியக் குளம் ஒன்றின் கட்டு அரித்துப் போவது அரிதல்ல. அங்கே நின்ற விவசாயி ‘குளம் உடைந்துவிட்டது’ என்று சொன்னால் அவர் சொன்னது உண்மைதான். அந்தச் செய்தி நாலு குழுக்களைக் கடந்து உங்கள் ஊருக்கு வரும்போது, குளத்தின் பெயர் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. கேட்கிறவர் தமக்குத் தெரிந்த பெரிய குளத்தின் பெயரை மனத்துக்குள் போட்டுக்கொள்கிறார். பொய் சொன்னவர் யாரும் இல்லாமலே பொய் பிறந்துவிடுகிறது.

எனவே செய்தி தந்தவரிடம் ‘உண்மையா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எவரும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார். எந்தக் குளம், கட்டின் எந்தப் பக்கம், கண்ணால் பார்த்தவர் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், இப்போது அவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். உண்மையில் உடைப்பைப் பார்த்தவனுக்கு இவற்றில் இரண்டு மூன்றுக்காவது விடை உடனே வரும். ‘மச்சான் சொன்னான்’ என்பதற்குப் பின்னால் அந்த மச்சானின் தொலைபேசி எண்கூடக் கிடைக்காவிட்டால், அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அதற்காகப் பெரிய குளங்கள் ஒருபோதும் உடையா என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது மாரி காலமும் அல்ல. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். கட்டில் கசிவு கண்டேன், மண் சரிவு கண்டேன், தெளிந்து கசிந்த நீர் கலங்கலாக வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் படிக்காதவராக இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு நான் எழுந்து போவேன். கலங்கல் நீர் வருவது கட்டின் உள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்பதற்கான அறிகுறி.

பதில்: வாவிக்கரை

என் கருத்து சுருக்கமானது. நிருவாகிகள் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கம் இருக்கிறது, மாவட்டச் செயலகத்தில் அதன் பிரிவு இருக்கிறது, வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அறிக்கை வெளியிடுகின்றன. இவற்றிலிருந்து வராத எதையும் குழுவில் விடக்கூடாது.

வட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எனவே இரட்டை அம்பு கண்டால் அழித்துவிடுங்கள் என்பதே எங்கள் குடியிருப்பில் விதி. பழைய வெள்ளக் காணொளிகளை இன்றைய நிகழ்வு என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு நாட்டில் உடைந்த அணையின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் சில நொடிகளில் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். அதைச் செய்யக்கூடப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பகிரும் உரிமை எதற்கு?

பதில்: மருதமுனைவாசி

வாவிக்கரை அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரட்டை அம்புக்குறி செய்தியின் பயண தூரத்தைத்தான் காட்டும், அதன் மெய்பொய்யைக் காட்டாது. திணைக்களம் வெளியிட்ட உண்மையான அறிவித்தலும் நூறு பேர் கைமாறும்போது அதே இரட்டை அம்பைப் பெறும். மாறாக, ஒருவர் தாமே புதிதாக ஒலிப்பதிவு செய்து பரப்பும் பொய்க்கு முதலில் எந்த அம்பும் இருக்காது. அம்பைப் பார்த்து அழிக்கும் பழக்கம், மெய்யான எச்சரிக்கையை அழிக்கவும் உதவும்.

நான் கடற்கரை ஊரைச் சேர்ந்தவள், புவியியல் கற்பிக்கிறவள். எங்களுக்கு இந்தக் கேள்வி வெள்ளத்தால் வருவதைவிடக் கடலால் வருவது அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை ஏறத்தாழ ஏழு மணி. அலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் உலகில் சில நிலையங்களுக்கு நிலநடுக்கம் தெரிந்திருந்தது. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஒழுங்கு இல்லாததால், கல்முனையிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் நாவலடியிலும் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்.

கடல் உள்வாங்கினால் ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்; சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடலடியில் நிலம் உயர்ந்த பக்கம் இலங்கையை நோக்கியும் தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கியும் இருந்ததால், அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. இங்கே முதலில் வந்ததே ஏற்றம்தான். அதன்பின் கடல் வற்றிப் பின்வாங்கியதைப் பார்க்கப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோயிற்று. அதிர்வையும் இங்கே பெரும்பாலானோர் உணரவில்லை. அப்படியென்றால் எங்கள் கரையில் நின்றுகொண்டு ‘நானே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறேன்’ என்று சொல்கிறவருக்குப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் தரும் தகவலை வைத்து இங்கே எச்சரிக்கை விடுகிறார்கள். அதை நம்பி நடப்பதா, இருந்து பார்ப்பதா என்ற தெரிவு எங்களுக்கு இல்லை. துருசடி ஐயா சொன்ன குளத்தில் கேள்வி கேட்டுச் சோதிக்க இடமிருக்கிறது. கடலில் அந்த இடம் இல்லை. எல்லா ஆபத்துக்கும் ஒரே விதி வைக்க நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணியளவில் மீண்டும் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடப்பட்டு, ஊரே மேற்கு நோக்கி நகர்ந்தது. பெரிய அலை வரவில்லை. மறுநாள் சந்தையில், வீணாக ஓட வைத்துவிட்டார்கள் என்று பேசாதவர் இல்லை. அந்த நிலநடுக்கத்தில் கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. நீரை மேலே தூக்கவில்லை. அலை பெரிதாக எழவில்லை என்பது கடலில் உள்ள மிதவைகளும் கரையோர அளவுமானிகளும் சொன்ன பிறகுதான் உறுதியாகும். எச்சரிக்கை விடுகிறவர் அதுவரை காத்திருந்தால், அலை வரும் நாளில் எவரும் பிழைக்கமாட்டார்கள். ஆகவே அன்றைய எச்சரிக்கை பொய் அல்ல. அலை வராத எச்சரிக்கையையும் ஆதாரமில்லாத வதந்தியையும் ஒரே பேச்சில் சேர்த்துப் பேசுவது எங்கள் ஊர்களின் கெட்ட பழக்கம்.

படுவான்கரையான் அவர்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். உங்கள் விதியில் இரண்டு செயல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. ஒருவர் தம் குடும்பத்தோடு மேட்டுக்குப் போவது ஒன்று. அந்தச் செய்தியை ஐம்பது வீட்டுக்கு அனுப்புவது வேறு. முதலாவதற்கு அரைகுறை ஆதாரம் போதும். போனது வீணானால் ஓர் இரவுத் தூக்கம் போகும். போகாதது பிழையானால் என்ன போகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அரைகுறை ஆதாரம் போதாது, ஏனென்றால் அங்கே மற்றவரின் இரவையும் இடுப்பெலும்பையும் அடுத்த முறைக்கான நம்பிக்கையையும் சேர்த்துச் செலவழிக்கிறோம். சந்தேகம் வந்தால் நகருங்கள், தெளிவு வந்தால் மட்டும் அனுப்புங்கள் என்று பிரித்துச் சொன்னால் ஊர் மக்களுக்கு விளங்கும்.

கேலி செய்தவர்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், குரல் பதிவு அனுப்பியவரைவிட அவர்கள்தான் உங்கள் ஊருக்குக் கூடுதல் ஆபத்து. சங்கக் கூட்டத்தில் இதைப் பெயர் சொல்லாமல், ஆனால் அழுத்தமாகப் பேசுங்கள். ஓடிப்போன பெண்களுக்கு அன்று இரவு பாடசாலையில் தேநீர் வைத்துக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லி ஊர் பார்க்கட்டும்.

பதில்: கிட்டங்கி வழிப்போக்கன்

சகோதரி எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வதந்தியை நம்பிக் கெட்டவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். தம் அனுபவத்தையே நம்பிக் கெட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. வேலைக்காகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போய்வருகிறவன் நான். ஒவ்வொரு மாரியிலும் அங்கே நீர் பாயும். ஒவ்வொரு மாரியிலும் ‘முழங்காலளவுதான், நான் நேற்றும் வந்தேன்’ என்று சொல்லி மோட்டார் சைக்கிளை இறக்குகிறவர் ஒருவர் இருப்பார். அவர் கண்ணால் பார்த்தே சொல்கிறார். ஆனால் கண்ணுக்கு ஆழம் தெரிந்த அளவுக்கு இழுவை தெரிவதில்லை, நேற்று இருந்த வீதி இன்று நீருக்கடியில் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரிவதில்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இந்தப் பகுதியில் யார் மறப்பார்கள்? அந்த வீதி எங்கள் எல்லோருக்கும் பழகிய வீதி. பழகிய வீதி என்பதையும் பழகிய ஆள் என்பதையும் ஆதாரமாக எடுக்கக்கூடாது என்பதைச் சங்கத்தில் சொல்லுங்கள்.

படுவான்கரையான்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன ‘நகர்வது வேறு, அனுப்புவது வேறு’ என்பதை நிருவாகக் குழுவில் வாசித்துக் காட்டினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை, இது எங்கள் நிருவாகக் குழுவில் மிக அரிதான காரியம்.

வாவிக்கரை அண்ணன் சொன்ன பூட்டும் யோசனையை ஏற்கத் தயங்குகிறேன். முறையான அறிவித்தல் வந்த அந்த இரண்டாம் முறை, நீர் உண்மையில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று முதலில் சொன்னவர் எந்த அதிகாரியும் அல்ல. வயற்காவலுக்குப் போயிருந்த ஒரு முல்லைக்காரர், அதாவது வயலில் தங்கி வேலை செய்கிறவர். பரணிலிருந்து இறங்க முடியாமல், ‘வரம்பு தெரியவில்லை, வாடிக்குள் நீர் வந்துவிட்டது’ என்று படத்தோடு போட்டார். குழு பூட்டியிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது. அவரையும் எடுத்திருக்க முடியாது. ஆனால் பூட்டாமல் விட்டால் மறுபடியும் அந்த மூச்சு வாங்கும் குரல் வந்துவிடுமே என்ற பயமும் இருக்கிறது.

இன்னொரு சிக்கல். துருசடி ஐயா சொன்ன கேள்விகளை நள்ளிரவில் நாங்கள் யாரிடம் கேட்பது? 117க்கு எடுத்தால் கொழும்பில் ஒருவர் பேசுவார்; அவருக்கு எங்கள் குளத்தின் கட்டு கண்ணுக்குத் தெரியாது. குளத்தடியில் நிற்பவரின் இலக்கம் எங்களிடம் இல்லை. இருந்தாலும் அந்த இரவில் ஊர் முழுவதும் அவருக்கே எடுத்தால் அவர் கதவைப் பார்ப்பாரா, தொலைபேசியைப் பார்ப்பாரா?

பதில்: வாவிக்கரை

முல்லைக்காரர் விடயத்தை வாசித்தபின் என் கருத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். இரண்டு குழுக்கள் வையுங்கள். ஒன்று அறிவித்தலுக்கு மட்டும். நிருவாகிகள் தவிர வேறு எவரும் எழுத முடியாதது. மற்றது, களத்தில் நிற்பவர்கள் தாம் கண்டதைப் போடுவதற்கு. அதில் பதிவிடுகிறவர், தாம் எங்கே நிற்கிறார், இப்போது மணி என்ன என்று சொல்லித் தொடங்க வேண்டும். பிறர் அனுப்பியதை அங்கே போட்டால் நீக்குங்கள். கண்டது மட்டும், கேட்டது வேண்டாம்.

பதில்: துருசடி

தம்பி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. நம்பிக்கை நள்ளிரவில் தேடினால் கிடைக்காது; வெயில் காலத்தில் ஆளைப் பார்த்து, பேசி, இலக்கம் வாங்கி வைக்க வேண்டும். குளத்தடியில் இருப்பவருக்கு ஊர் முழுவதும் எடுப்பது அவருக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து. ஒரு வட்டைக்கு ஒருவர் போதும். வட்டை விவசாயிகளின் பொறுப்பாளரான வட்டவிதானைமார் குளத்து ஆட்களோடு ஆண்டு முழுவதும் நீர்ப் பங்கீட்டுக்காகப் பேசுகிறவர்கள். அவர்களின் குரல் அங்கே தெரியும், அங்குள்ளவர்களின் குரல் இவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊருக்கு வட்டவிதானை ஒருவரும், அவருக்கு இணைப்புக் கிடைக்காவிட்டால் இன்னொருவரும் என்று வைத்துக்கொண்டு, அந்த இருவர் மட்டும் குளத்துக்கு எடுக்கட்டும். கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது, குளத்தில் நீர் எத்தனை அடி நிற்கிறது, இன்னும் திறக்கப் போகிறார்களா என்ற மூன்றையும் கேட்டு, மணியையும் சேர்த்துக் குழுவில் போட்டால் போதும். அடுத்த செய்தி வரும்வரை அந்த எண்களைத்தான் ஊர் நம்ப வேண்டும்.

கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் விட்டுவிட வேண்டாம். படகு, உணவு, பாடசாலைத் திறப்பு எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வரும். 117க்கு எடுப்பதும் வீண் அல்ல. அங்கே பதிவாகும் முறைப்பாடு மாவட்டத்துக்குத் திரும்பி வரும். ஆனால் குளக்கட்டின் நிலை பற்றி அவர்களிடம் உடனடி விடையை எதிர்பார்ப்பது அவர்களுக்கும் நியாயமல்ல.

இத்தனைக்கும் பிறகு தொலைபேசிக் கோபுரம் மின்சாரமில்லாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? பழைய ஆட்கள் செய்ததைச் செய்யுங்கள். வீட்டுக்குக் கிட்ட, நீர் தொடும் இடத்தில் ஒரு கம்பை நட்டு, நீர் மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு, அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். கீறலுக்கு மேல் விரலளவு ஏறியிருந்தால் பொருட்களைக் கட்டத் தொடங்கலாம். சாண் அளவு ஏறியிருந்தால் பொருட்களை விட்டுவிட்டு ஆட்கள் கிளம்ப வேண்டும். வீதி மூடிவிட அதிக நேரம் எடுக்காது. மழை விட்ட பிறகும் நீர் ஏறிக்கொண்டே இருந்தால் அது மேற்கே உள்ள குளங்களின் பக்கமிருந்து வரும் நீர். வானம் வெளுத்துவிட்டது என்று திரும்பிப் படுக்கக் கூடாது. வாவி ஓரத்து ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படாமல் இருந்தால், மேலிருந்து வரும் நீர் குறைந்தபிறகும் வாவி வடியாது. அதனால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் மழைக்கு முன் நடக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை, பிரதேச செயலகம், விவசாயிகள் அமைப்பு எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். விதைப்புத் திகதியும் நீர் விடும் திகதியும் பேசி முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அதற்கு முன் கையை உயர்த்தி, வான்கதவு திறக்கும்போது எங்கள் ஊருக்கு யார் சொல்வார், எந்த இலக்கத்திலிருந்து சொல்வார், இரவில் அவர் இல்லாவிட்டால் யார் என்று கேளுங்கள். விடையைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் அறிவித்தல் குழுவில் மேலே நிறுத்தி வையுங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் எந்தச் சங்கமும் எழுந்து இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலையில்தான் நாங்கள் இருந்தோம்.